கல்லாத்தாவின் கால்மாடு

அவர் தம் வாழ்நாளில் எதையும் உடைத்ததில்லை. அவர் கைபட்டு உடைந்தவை எல்லாம் உடனே உயர்ந்துவிட்டன. இந்த அளவோடு அவரைப் பற்றி எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அவர் உயர்த்திவைத்த ஒவ்வொரு பொருளுக்கும் கீழே, அது இல்லாமல் திண்டாடியவர்கள் சிலர் இருந்தார்கள். மீதியை அவர்களுக்காக எழுதுகிறேன். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கள் பக்கத்து மனிதர் யாராவது அதையும் கல்லில் வெட்டி ஒரு சுவரில் பதித்து மாலை போட்டுவிடக்கூடும்.

அறுபதுகளின் பிற்பகுதியில், தருமபுரி தனி மாவட்டமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், நான் கிராம சேவக்காக, குடியானவர்களுக்குப் பயிர் யோசனை சொல்லும் அரசாங்க ஊழியனாக, அந்த ஊருக்குப் போனேன். மாரண்டஹள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி வண்டித்தடத்தில் உள்ளே நடக்க வேண்டும். அவர் அந்த ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவர். சலவை வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு, காலில் கறுப்புத் தோல் செருப்பு. நடக்கும்போது அந்தச் செருப்பு கிறீச்சிடும். அவர் வருகிறார் என்று முன்கூட்டியே அறிவிக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ள முடியாத குறையை அந்தச் செருப்பு தீர்த்துவைத்தது. பஞ்சாயத்து ஆபீஸுக்குள்ளும் கழற்ற மாட்டார். களத்துமேட்டில் தானியத்தின்மேல் நடக்கும்போதும் கழற்ற மாட்டார்.

நான் போன வாரத்திலேயே பஞ்சாயத்து ரேடியோவைப் பார்த்தேன். சுவரில் தலைவர்களின் படங்களுக்குக் கீழே, பலகை அடித்து, அதன்மேல் ஜரிகைத் துணி விரித்து, அதை உட்காரவைத்திருந்தார்கள். மாலையும் சார்த்தியிருந்தது.

"பாடுமா?" என்று கேட்டேன்.

"அத எதுக்குத் தம்பி பாட வெக்கறது? நம்ம ஊருக்கு மொதமொதல்ல வந்த ரேடியோ அது. நெனவுச் சின்னம்" என்றார் தலைவர்.

பிறகு டீக்கடைக்காரர் விவரம் சொன்னார். ஒரு நாள் சாயங்காலம் ஏதோ ஒரு பேச்சு கேட்கவேண்டும் என்று தலைவர் குமிழைப் பிடித்துத் திருகியிருக்கிறார். ஸ்டேஷன் கிடைக்கவில்லை. இன்னும் திருகியிருக்கிறார். குமிழ் கையோடு வந்துவிட்டது. அதற்கு முன்பு ஊர் அந்த ரேடியோவில்தான் மழைச் செய்தியும் சந்தை விலையும் கேட்டுக்கொண்டிருந்தது. பாலக்கோட்டுக்கு அனுப்பிப் பழுதுபார்க்க ஒரு ஆள், ஒரு பஸ் பயணம் போதும். ஆனால் பழுதுபார்க்க வேண்டுமென்றால் பழுது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது அவரால் ஆகாத காரியம். ஆகவே ரேடியோ நினைவுச் சின்னமாயிற்று. மழை வரும் செய்தியை ஊர் மழை வந்த பிறகு தெரிந்துகொண்டது.

இதற்கு அவரிடம் ஒரு தத்துவமும் இருந்தது. வெற்றிலையை மென்றபடி சொல்வார்: "கீழ கெடந்தாத்தான் அது ஒடஞ்ச சாமான். மேல தூக்கி வெச்சுப்புட்டா அது வேற."

பள்ளிக்கூடத்துக் கரும்பலகை அப்படித்தான் வேறாயிற்று. அவர் மகள் கல்யாணத்துச் சமையல் பந்தலில் பாத்திரம் அடுக்க அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கொப்பரையின் பாரத்தில் அது நடுவில் பிளந்தது. பள்ளிக்கூடத்துக்கு அது திரும்பவில்லை. பாதிப் பலகை பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் 'செய்திப் பலகை' என்ற பட்டத்தோடு ஏறியது. அதன் தலையில் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய பெயர். அதற்குப் பிறகு அந்தப் பலகையில் எந்தச் செய்தியும் எழுதப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பிள்ளைகளோ வாத்தியார் சுவரில் கரியால் எழுதிக்காட்டியதைப் பார்த்து அகரம் படித்தார்கள்.

வண்டிச் சக்கரத்தில் கால் சிக்கி நொண்டியான கன்றுக்குட்டியை மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்டதும் இதே வகைதான். வண்டியை ஓட்டியவர் அவர். கன்றோ அவருடைய தம்பி வீட்டுக் கன்று. கோயில் மாடாக உயர்ந்த பிறகு அது நொண்டியபடியே ஏழைகளின் துவரைக் காட்டில் மேய்ந்தது. அடித்து விரட்ட ஒருவருக்கும் துணிவில்லை. துணிந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை.

சிறு மனிதர்களின் சிறு பொய்கள் என்று இவற்றைச் சிரித்துவிட்டுப் போகலாம். நானும் முதலில் அப்படித்தான் சிரித்தேன். ஒரு பொய்யின் அளவை அதைச் சொன்னவரின் நோக்கத்தைக் கொண்டு அளக்கக் கூடாது, அது யார் தலையில் போய் விழுகிறது என்பதைக் கொண்டுதான் அளக்க வேண்டும் என்பதை அந்தக் கல்தான் எனக்கு உணர்த்தியது.

ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஓடும் வாய்க்கால் கரையில், புங்க மரத்தடியில், பாதி மண்ணுக்குள் புதைந்து அந்தக் கல் கிடந்தது. ஆள் படுத்த நீளம். எங்கள் பக்கத்தில் எங்கு தோண்டினாலும் கருங்கல்தான். இது அந்த இனம் இல்லை. வெளிர் மஞ்சளில், மாவு போன்ற நைசான கல். எவருடைய காலத்திலோ எங்கிருந்தோ வண்டியில் வந்தது என்பதற்குமேல் யாருக்கும் தெரியாது. தண்ணீர் தெளித்து அரிவாளை வைத்து இழுத்தால் அலகு நகத்தில் வழுக்காமல் நிற்கும், அவ்வளவு கூர். எத்தனையோ தலைமுறை அரிவாள்கள் இழுத்து இழுத்து அதன் முதுகில் தொட்டில் போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அந்த ஊரில் டீக்கடையில் தம்ளர் இரண்டு வகை, கிணறு இரண்டு, சுடுகாடும் இரண்டு. அந்தக் கல் மட்டும் ஒன்று. காலையில் ஊர்க்காரர் ஒருவர் தீட்டிவிட்டு எழுந்த இடத்தில் காலனிப் பெண் ஒருத்தி உட்கார்ந்து தீட்டுவாள். யாரும் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. ஒருவேளை எண்ணியிருந்தால் அதற்கும் ஒரு வழி செய்திருப்பார்கள்.

மாதம்மாள் காலனிக்காரர். அறுப்புக்குப் போகும் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் முன்னால் நடப்பார். கூட்டம் என்றால் தம் சொந்த அரிவாளோடு போகும் கூட்டம். எந்தக் கொல்லைக்காடு முதலில், எந்தக் கொல்லை அடுத்து என்று பேசி முடிப்பவர் அவர். கேழ்வரகு அறுப்பு நடக்கும் அந்தச் சில வாரங்களில் வரும் தானியம்தான் அந்தக் குடும்பங்களுக்கு வெயில் காலம் வரை களி. அந்தத் தானியத்துக்கு அலகு வேண்டும். அலகுக்கு அந்தக் கல் வேண்டும்.

ஒரு கார்த்திகை மாத விடியலில், மாதிரிக் கொல்லையின் அறுப்பைப் பார்க்க நான் அந்தப் பெண்களோடு நடந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் கரையில் தலைவர் நின்றிருந்தார். கூடவே இரண்டு ஆட்கள், ஒரு ஜோடி மாடு, சங்கிலி, கடப்பாரை. அவருடைய புது மோட்டார் ரூமுக்கு முன்னால் துணி துவைக்க ஒரு கல் தேவைப்பட்டிருக்கிறது. ஊர் விழிப்பதற்குள் இதைக் கொண்டுபோய்விடலாம் என்று வந்திருக்கிறார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கல் இரண்டாகிவிட்டிருந்தது. பெரிய துண்டு சங்கிலியில், சின்னது குழிக்குள். கடப்பாரை இறங்கிய இடத்திலிருந்து செக்கச்செவேல் என்று தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மாதம்மாள், "ஐயோ, கல்லு போச்சே!" என்றார்.

தலைவர் எங்களைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் ஓடியதை நான் பார்த்தேன். அது வெட்கம் என்று நினைத்தேன். இல்லை, யோசனை. அடுத்த கணம் தோளிலிருந்த துண்டு இடுப்புக்குப் போனது. இரண்டு கையும் தலைக்குமேல் குவிந்தன.

"ஆத்தா! நான் வரமாட்டேன், இங்கயேதான் இருப்பேன்னு சொல்லிட்டியே ஆத்தா! ரத்தம் சிந்திக் காட்டிட்டியே!"

மாடு பிடித்திருந்த ஆள் முதலில் விழுந்து கும்பிட்டான். சத்தம் கேட்டு ஊர் திரண்டது. கடப்பாரை பட்டு ரத்தம் வந்த கல்லும், இழுத்தும் நகராத கல்லும் எங்கள் பக்கத்தில் எத்தனையோ சாமிகளாகியிருக்கின்றன. யாருக்கும் புதிதாக நம்பக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கற்பூரம் வரும்வரை தலைவர் கும்பிட்ட கையை இறக்கவில்லை. செருப்பை அன்றுதான் முதல்முறையாகக் கழற்றினார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அது ரத்தமில்லை என்பதைப் புரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு தேவையில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்த இரும்பு, தண்ணீரோடு கல்லின் விரிசல் வழியே இறங்கி அடியில் தேங்கி நின்றிருக்கிறது. அந்தக் குழியில் ஊறியது அந்தப் பெண்களும் அவர்களுடைய தாய்மார்களும் தீட்டிய அரிவாள்களின் துரு. அதை அவர் ஆத்தாளின் ரத்தமாக்கினார். அடுத்த வாரம் பெரிய துண்டை நட்டுவைத்து, அரிவாள் தேய்ந்த பள்ளத்தில் வெள்ளிக் கண்மலர் பதித்து, கல்லாத்தா என்று பெயர் வைத்தார். சுற்றிலும் மூங்கில் படல். படலுக்கு வெளியே செருப்பு. புங்க மரத்துக்கு அந்தப் பக்கம், வாய்க்காலைத் தாண்டி, காலனிக்காரர்கள்.

அவர் காலனியை விலக்க வேண்டும் என்று அன்று திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு பெரிய தீமைக்கு வேண்டிய கவனம் அவரிடம் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: உடைத்தவர் என்ற பெயர் வரக் கூடாது. அந்த அற்பக் கூச்சத்துக்கு விலையாக, அந்த ஊரில் இரண்டு பக்கமும் தொட்டுவந்த ஒரே பொருளுக்கும் வேலி விழுந்தது.

விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊர்க்காரர்கள் சந்தை நாளில் மாரண்டஹள்ளிக் கொல்லரிடம் அரிவாளைக் கொடுத்து வாங்கினார்கள். காலனிப் பெண்களுக்குச் சந்தைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும். அவர்கள் கருங்கல்லில் தேய்த்தார்கள். அதில் அலகு வாய் பிளந்தது. மழுங்கிய அரிவாள் தாளை அறுக்காது, வேரோடு பிடுங்கும். பிடுங்கினால் கதிரில் மண் ஏறும். மண் ஏறிய கேழ்வரகில் களி கிண்டினால் பல்லில் நறநறக்கும். கொல்லைக்காரர்கள் திட்டினார்கள். மாதம்மாளின் இடது கை விரலில் அரிவாள் வழுக்கி ஆழமாக இறங்கியது. துணி சுற்றிக்கொண்டு அறுத்தார்.

"அடுத்த வருசம் வேற ஊரு ஆளுங்களத்தான் எறக்கணும். இவளுங்களுக்கு முன்ன மாதிரி கை ஓடறதில்ல" என்று தலைவர் என்னிடம் சொன்னார். கை ஏன் ஓடவில்லை என்பதை அவர் அறியாதவர் போலச் சொல்லவில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டார். அவரிடம் எனக்கு அருவருப்பு உண்டானது அந்த இடத்தில்தான். தான் செய்ததை மறைக்கிறவன் குறைந்தது அதை நினைவிலாவது வைத்திருப்பான்.

சில மாதம் கழித்து அவர் வீட்டில் சாப்பிட நேர்ந்தது. கை கழுவப் பின்பக்கம் போனேன். மாட்டுக் கொட்டகையில் அவர் மனைவி குத்துக்காலிட்டு அரிவாள்மணையின் அலகைக் கழற்றித் தீட்டிக்கொண்டிருந்தார். வெளிர் மஞ்சள் கல். ஒரு பக்கம் உடைந்த முகம்.

"அக்கா, இது..."

அந்த அம்மாள் நல்ல பெண்மணி. பொய் சொல்லும் வழக்கமில்லாததால் சொல்லிக்கொடுத்த பொய்யையும் அப்படியே ஒப்பித்துவிட்டார். "சாமி இல்லீங்க தம்பி. சாமியோட தலமாடுதான் அங்க இருக்குது. இது கால்மாடு. கால்மாட்டுல தீட்டுனா தப்பில்லைன்னு அவரு சொன்னாருங்க. நல்லா ஏறுது பாருங்க அலகு."

நான் பார்த்ததை மாதம்மாளிடம் சொன்னேன். இதில் என் பங்கு அவ்வளவுதான். அவர் கேட்டுக்கொண்டு, "கால்மாடுன்னா சொன்னாங்க?" என்று மட்டும் இன்னொரு தரம் உறுதிப்படுத்திக்கொண்டார்.

கல்லாத்தாளுக்கு முதல் பொங்கல் வைத்த நாளில் தலைவர் படலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூட்டம் வந்து நின்றது. விரலில் வெட்டுத் தழும்போடு மாதம்மாள் முன்னால் நின்றார்.

"என்ன மாதம்மா, இப்பவே வந்துட்டீங்க? சோறு கடைசியாத்தான்."

"சோத்துக்கு வரலீங்க தலைவரே. ஒரு சந்தேகமுங்க."

"கேளு, கேளு. ஆத்தா சன்னதியில கேக்காம எங்க கேப்ப?"

"ஆத்தாளுக்குத் தல இருக்குதுங்க. காலு எங்கீங்க?"

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். "கல்லுக்கு ஏது புள்ள காலு?"

"அன்னிக்கு ஒடஞ்சப்ப ரெண்டா இருந்துச்சுங்களே."

சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போயிற்று. "ஒடையல! அந்த வார்த்தையச் சொல்லாத. ஆத்தாளா பிரிஞ்சு குடுத்தது."

"சரீங்க, பிரிஞ்சு குடுத்தது. பெருசு ஊருக்குக் குடுத்தது. சின்னத யாருக்குங்க குடுத்துச்சு?"

தலைவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க வூட்டு மாட்டுக் கொட்டாயில இருக்குதுங்களாம். அருவாமனை தீட்டறாங்களாம். அது வெறுங்கல்லுன்னா இதுவும் வெறுங்கல்லுதானுங்க, நாங்களும் வந்து தீட்டிக்கறோம். அது ஆத்தான்னா, ஆத்தா மேல வெங்காயத்துக்குக் கத்தி தீட்டலாமுங்களா?"

ஊர்க்காரர்கள் மெல்லத் திரும்பித் தலைவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "அது... அது கால்மாடு."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்" என்றார் மாதம்மாள், குரலில் பணிவு குறையாமல். "தலயத் தொட எங்களுக்கு விதியில்ல. கேக்கவும் இல்ல. காலத் தொட்டுக் கும்புடறவங்க நாங்கதானுங்களே, எப்பவும்? கால்மாட்ட எங்ககிட்டக் குடுத்துருங்க. நாங்க வெச்சுக் கும்புட்டுக்கறோம், எங்க வழியில."

தலைவர் மாட்டிக்கொண்டார் என்று எவனும் நினைத்திருப்பான். நானும் நினைத்தேன். அவரோ எழுந்து நின்று, அன்று உடைந்த கல்லுக்கு முன்னால் குவித்ததுபோலவே கைகளைக் குவித்து, உரத்த குரலில் அறிவித்தார்: "ஆத்தா ஆசைப்பட்டுட்டா! காலனி சனங்களுக்கு ஆத்தாளோட காலை நானே தானமாக் குடுக்கறேன். அவங்க தொடலாம், தூக்கலாம், அவங்க சவுரியம்போல வெச்சுக்கலாம். இது என் வாக்கு!" கைதட்டினார்கள். திருடிய கல்லைத் திருப்பிக் கொடுத்ததற்கு அவர் மாலை வாங்கிக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கல் அன்று மாலையே காலனிக்குப் போனது. உடைந்த முகம் கரடுமுரடாக இருந்தது. மேல்பக்கமும் ஒரே சாய்வு. பெண்கள் வாய்க்கால் மணலைச் சலித்துப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒரு தட்டைக் கருங்கல்லை மேலே வைத்து இருபுறமும் இரண்டு பேராகத் தள்ளித் தள்ளித் தேய்த்தார்கள். கல் மெல்ல மட்டமாகிக்கொண்டு வந்தது. காலனி முகப்பில் குழி வெட்டி, களிமண் குழைத்துப் போட்டு, சில்லுக் கல் அடைத்து அதை அசையாமல் பதித்தார்கள். உடைந்த முனையை அப்படியே விட்டுவிட்டார்கள். அரிவாளின் உள்வளைவுக்கு அது நன்றாகப் பொருந்தியது. அடுத்த அறுப்பில் கதிரில் மண் இல்லை. வேறு ஊர் ஆட்களை இறக்கும் பேச்சும் இல்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் தலைவர் இருந்தார்.

அடுத்த ஆண்டுப் பொங்கலில் அவர் ஒரு கிடா வெட்டுவதாக வேண்டியிருந்தார். மகன் வழியில் பேரன் பிறந்த வகையில். அதற்கென்று ஒரு கொடுவாள் அடித்து வாங்கி, கல்லாத்தாளின் பக்கத்திலேயே நட்டுவைத்திருந்தார். வருடம் முழுவதும் அதற்குச் சந்தனம், குங்குமம். நுனியிலிருந்து பிடிவரை எலுமிச்சம்பழம் குத்தி வைத்தார்கள். வாடியதை எடுத்துவிட்டுப் புதியதைக் குத்தினார்கள். தூக்கி மேலே வைத்துவிட்ட எதற்கும் நேர்ந்த கதிதான் அதற்கும் நேர்ந்தது. எலுமிச்சைச் சாறு அலகைத் தின்றுவிட்டிருந்தது.

பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடா உடம்பை உதறிவிட்டது. ஆத்தா சம்மதித்துவிட்டாள், இனிமேல் காத்திருக்கக் கூடாது. வெட்டுக்காரர் கொடுவாளை உருவி, பக்கத்து வாழைத்தண்டில் ஒரு வெட்டு போட்டுப் பார்த்தார். பாதியில் நின்றது. ஒரே வெட்டில் துண்டாகாவிட்டால் வேண்டியவருக்கு ஆகாது என்பது ஊருக்கே தெரியும்.

"தீட்டணுங்களே தலைவரே" என்றார் வெட்டுக்காரர்.

எல்லோருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. எதிரில், வெள்ளிக் கண்ணோடு, அந்த வட்டாரத்திலேயே சிறந்த சாணைக்கல் நின்றுகொண்டிருந்தது. யாரோ ஒருவர் இருமினார். அது இருமல்தானா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

தலைவர் வெட்டுக்காரரைக் காலனிக்கு அனுப்பினார். அவர் போன வேகத்தில் தீட்டாத கொடுவாளோடு திரும்பினார். "யாரு வேண்டுதலோ அவங்கதான் வரணுமாமுங்க. மாதம்மா சொல்லுது."

தலைவர் கொடுவாளைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தார். செருப்பு கிறீச்சிட்டது. பின்னால் நாங்கள். காலனி முகப்பில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு மாதம்மாள் நின்றிருந்தார்.

"வாங்க தலைவரே. செருப்ப மட்டும் அங்கயே வுட்டுருங்க. ஆத்தா காலு பாருங்க."

அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். கிடா கத்துவது கேட்டது. செருப்பைக் கழற்றினார். கல்லுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"தண்ணி இல்லாம ஏறாதுங்க. எங்க கொடத்துத் தண்ணி. ஊத்தட்டுமுங்களா?"

தலை அசைந்தது. மாதம்மாள் ஊற்றினார். தலைவருக்குத் தீட்டத் தெரியவில்லை. அலகைப் படுக்கவைக்காமல் நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினார். பெண்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். துருவும் தண்ணீருமாகச் சிவப்பாக வழிந்து அவர் கால் விரல்களுக்கிடையில் ஓடியது.

மாதம்மாள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டார். பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் கேட்டது.

"ரத்தமுங்களா, துருவுங்களா?"

"துருதான் புள்ள, வுடு" என்றார் தலைவர்.

இதைச் சொல்லத் தெரிந்த மனிதர்தான் அரை பர்லாங் தூரம் நடந்து படலுக்குள் போனதும் கொடுவாளை உயர்த்திப் பிடித்தார். "பாருங்க! கால்மாட்டுலயும் ஆத்தா ரத்தம் காட்டிட்டா!" குலவை எழுந்தது. கிடா ஒரே வெட்டில் விழுந்தது.

அந்தக் குலவையைக் கேட்டு நான் பயந்தேன். ரத்தம் காட்டிய கல்லுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கண்மலர் வரும், படல் வரும். மறுநாள் விடிந்ததும் நான் காலனிக்குப் போனபோது, எதிர்பார்த்தபடியே ஊர்ப் பெரியவர்கள் மஞ்சளும் மாலையுமாக வந்திருந்தார்கள். நடுவில் தலைவர், அன்று அவராகவே செருப்பில்லாமல். அறுப்புக்குக் கிளம்பிய பெண்கள் அரிவாள்களோடு ஒதுங்கி நின்றார்கள்.

"பூசிக்கலாமா மாதம்மா?" என்றார் தலைவர், கருணையோடு. "உங்க காலனியே ஒசந்து போயிருச்சு, போ."

"பூசுங்க" என்றார் மாதம்மாள்.

தலைவர் குனிந்து, கல்லின் முகம் முழுவதும் தம் கையாலேயே மஞ்சளை அப்பினார். குங்குமம் வைத்தார். மாலையைச் சுற்றினார். எழுந்து கும்பிட்டார். மாதம்மாளும் கும்பிட்டார்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"தொடலாம், எங்க சவுரியம்போல வெச்சுக்கலாம்னு போன வருசம் ஊரு முன்னால வாக்குக் குடுத்தீங்களே, அது அப்படியேதானுங்களே?"

பெரியவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். கொடுத்த வாக்கை உடைத்தவர் என்ற பெயர் மட்டும் அவரால் தாங்க முடியாதது. "என் வாக்கு எப்ப மாறியிருக்குது?" என்றார்.

மாதம்மாள் மாலையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரு கை தண்ணீர் தெளித்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அரிவாளை மஞ்சளின்மேல் படுக்கவைத்து, நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தார். மஞ்சள் வழித்துக்கொண்டு வந்தது. அடியில் கல் தெரிந்தது. கட்டை விரலால் அலகைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்து, அடுத்தவளுக்கு இடம் விட்டார்.